வார்டு குழு, பகுதி சபை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நகராட்சி நிர்வாகத்தில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பகுதி சபைகளை, அதாவது வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் வாக்காளர்கள் நேரில் கூடும் சபைகளை, மாநகராட்சி எப்படி ஆதரிக்கிறது, எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று வாசகர்கள் கேட்டிருந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பற்றிப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, கிராம சபை தெரியும். நகரத்தில் பகுதி சபை என்பது எந்தச் சட்டத்தில் வருகிறது? (கல்லூரி மாணவி)

1992இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம்தான் அடிப்படை. 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமையவேண்டும் என்று அதன் 243எஸ் பிரிவு சொல்கிறது. ஆனால் ஒரு குழுவின் கீழ் எத்தனை வார்டுகள், யார் உறுப்பினர் என்பதையெல்லாம் மாநிலங்களுக்கே விட்டுவிட்டதால், பல மாநிலங்களில் பத்துப் பதினைந்து வார்டுகளைச் சேர்த்து ஒரு மண்டலக் குழுவை அமைத்துவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதினார்கள். வார்டுக்கும் கீழே, வாக்காளர்கள் நேரில் உட்காரக்கூடிய அளவில் ஒரு சபை வேண்டும் என்ற எண்ணம் 2005இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் நிபந்தனையாகத்தான் வலுப்பெற்றது. மக்கள் பங்கேற்புச் சட்டத்தை அந்தத் திட்டம் மாநிலங்களிடம் கேட்டது. தமிழ்நாட்டில் 2010இல் சட்டத் திருத்தம் வந்தது; விதிகள் வருவதற்கு 2022 ஆயிற்று. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று முதல் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 இப்போது எல்லாவற்றுக்கும் தாய்ச்சட்டம்.

அமைப்பு எளிமையானது. ஒரு வார்டு பல பகுதிகளாகப் பிரிக்கப்படும். சென்னையில் வார்டுக்கு 10 பகுதிகள். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் பகுதி சபையின் உறுப்பினர். பகுதிக்கு ஒருவர் வீதம் வார்டு குழுவில் இருப்பார்கள்; மாமன்ற உறுப்பினர் அதன் தலைவர்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் குடியிருப்போர் நலச் சங்கம் நன்றாக நடக்கிறது. அதையே பகுதி சபையாக அங்கீகரிக்கலாமே? (சங்கச் செயலர்)

கூடாது. சங்கம் என்பது சந்தா கட்டியவர்களின் அமைப்பு. சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்கும். வீட்டு உரிமையாளருக்கு மட்டும் வாக்குரிமை தரும் சங்கங்கள் ஏராளம். உங்கள் அடுக்ககத்தின் பின்புறச் சந்தில் வாடகைக்கு இருப்பவருக்கும், அங்கே இஸ்திரி வண்டி வைத்திருப்பவருக்கும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், உங்களுக்குள்ள அதே உரிமை பகுதி சபையில் உண்டு. உங்கள் சங்கத்தின் அனுபவத்தைச் சபைக்குக் கொண்டுவாருங்கள், அது பெரிய உதவி. சபையின் இடத்தில் சங்கத்தை உட்கார வைக்காதீர்கள்.

கேள்வி: குழு உறுப்பினர்களை யார் நியமிக்கிறார்கள்? எங்கள் வார்டில் கவுன்சிலர் தன் கட்சிக்காரர்களையே போட்டுவிட்டார். (இரண்டு ஊர்களிலிருந்து மூவர்)

நடைமுறையில், மாமன்ற உறுப்பினரிடமிருந்து வரும் பெயர்ப்பட்டியலை மன்றம் தீர்மானமாக நிறைவேற்றுகிறது. மன்றக் கூட்டத்தில் நூற்றுக்கணக்கான பெயர்கள் ஒரே பொருளாக வைக்கப்பட்டு, யாரும் ஒரு பெயரைக்கூட வாசிக்காமல் ஏற்கப்படுவதுண்டு. இந்த ஏற்பாட்டின் மிகப் பலவீனமான கண்ணி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. மக்களின் குரலை மேலே கொண்டுசெல்ல வேண்டியவரை, அந்தக் குரல் யாரை நோக்கிச் செல்கிறதோ அவரே தேர்ந்தெடுக்கிறார்.

கேரளத்தைப் பாருங்கள். 1994ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டத்தின்படி, 1 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களின் வார்டு குழுவில் குடியிருப்போர் சங்கங்கள், அயல்கூட்டங்கள் எனப்படும் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுக்கள், அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், வார்டில் உள்ள பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் என்று வகைவகையாக இடம் தரப்பட்டிருக்கிறது. அங்கும் குறைகள் உண்டு. ஆனால் ஒரே ஒருவரின் கைப்பட்டியலாக அது முடிந்துவிடுவதில்லை.

உங்களால் இப்போது செய்யக்கூடியது, உங்கள் பகுதியின் பிரதிநிதி யார் என்று எழுத்தில் கேட்டு வாங்குவது. தான் பகுதி சபைப் பிரதிநிதி என்பதே தெரியாத ஒருவரை நான் சந்தித்திருக்கிறேன். அவருடைய உறவினர் பெயரைக் கொடுத்துவிட்டு, சொல்ல மறந்துவிட்டார்.

கேள்வி: கூட்டம் நடந்ததாகச் சொல்கிறார்கள். எங்களில் யாருக்கும் தெரியாது. இது எப்படி? (இல்லத்தரசி ஒருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும்)

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ஏனெனில் பகுதி சபை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது இங்கேதான் தெரியும்.

பணியில் இருந்தபோது, ஒரு நகரத்தில் வார்டு கூட்டங்களின் பதிவேடுகளைப் பார்வையிடச் சென்றேன். நீளமான, கோடு போட்ட, கெட்டி அட்டைப் பதிவேடு. ஒரு பக்கத்தில் வருகைக் கையெழுத்துகள் 40 வரிசையாக இருந்தன. அடுத்த இரண்டு பக்கங்கள் காலி. மூன்றாவது பக்கத்தில் அடுத்த கூட்டத்தின் கையெழுத்துகள். தீர்மானங்கள் எங்கே என்று கேட்டேன். "எழுதிவிடுகிறோம் ஐயா, அதற்காகத்தான் இடம் விட்டிருக்கிறோம்" என்றார் எழுத்தர். அவர் கெட்டவரல்ல, மூன்று வார்டுகளின் வேலையை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆனால் அந்தக் காலிப் பக்கங்களில் பிற்பாடு எதை எழுதினாலும் அது 40 பேரின் முடிவாகிவிடும். அன்று முதல், எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் தீர்மானத்தின் கடைசி வரிக்குக் கீழே கையெழுத்து வாங்குங்கள், மேலே வாங்காதீர்கள் என்று சொல்லி வருகிறேன்.

அறிவிப்பும் அப்படித்தான். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் 1999இல் மக்கள் வாக்களித்து ஏற்ற நகரச் சாசனத்தின்படி அக்கம்பக்க மன்றங்கள் அமைந்தன. இன்று 99 மன்றங்கள் இருக்கின்றன. கலிபோர்னியாவின் 1953ஆம் ஆண்டுத் திறந்த கூட்டச் சட்டம் அந்த மன்றங்களுக்கும் பொருந்தும். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பாக, பொதுமக்கள் பார்க்கக்கூடிய இடத்தில் நிகழ்ச்சி நிரல் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அதில் இல்லாத பொருளின் மீது முடிவெடுக்கக் கூடாது. ஊதியமே பெறாத தன்னார்வலர்களுக்கு இவ்வளவு கட்டுப்பாடா என்று அங்கேயும் முணுமுணுப்பு உண்டு. என்னைக் கேட்டால், ஒரு நகர அரசு குடிமக்கள் சபைக்கு விதிக்கக்கூடிய கட்டுப்பாடுகளில் இதைவிட நியாயமானது வேறில்லை. இங்கே ரேஷன் கடைச் சுவரிலும் அங்கன்வாடி வாசலிலும் மூன்று நாள் முன்னதாக ஒரு தாள் ஒட்டுவதற்குப் பெரிய செலவு ஆகாது.

கேள்வி: பகுதி சபைக்குத் தனி நிதி உண்டா? (பலர்)

கிடையாது. சபை பரிந்துரைக்கும் பணிக்கு மாநகராட்சியின் பொது நிதியிலிருந்தோ, மாமன்ற உறுப்பினரின் வார்டு மேம்பாட்டு நிதியிலிருந்தோதான் பணம் வரவேண்டும். நமக்கு நாமே திட்டத்தில், மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு தரும். நீர்நிலைப் பணிகளுக்கு மக்கள் பங்கு பாதி. வசதி உள்ள பகுதிகள் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. மூன்றில் ஒரு பங்கைப் புரட்ட முடியாத தெருவுக்குத்தான் வடிகால் அதிகம் தேவைப்படுகிறது என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு.

மேலே சொன்ன லாஸ் ஏஞ்சலிஸில் ஒவ்வொரு மன்றத்துக்கும் நகரமே ஆண்டு நிதி தருகிறது. தொடக்கத்தில் 50,000 டாலர். பின்னாளில் வரவுசெலவு நெருக்கடிகளால் அது குறைந்தது. பணத்தை மன்றம் தன் கணக்கில் போட்டு இஷ்டம்போல் செலவழிக்க முடியாது. பொருளாளர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மாதச் செலவுக் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வைத்து வாக்கெடுக்க வேண்டும். நகர எழுத்தர் அலுவலகம் அதைச் சரிபார்க்கும். மன்றங்களுக்குப் பயிற்சியும் வழிகாட்டலும் தருவதற்கென்றே தனித் துறை இருக்கிறது. கொள்கை வகுக்க மேயர் நியமிக்கும் ஏழு பேர் ஆணையமும் இருக்கிறது. பணம், பயிற்சி, கணக்கு ஆகிய மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் பணமும் இல்லை, பயிற்சியும் இல்லை; ஆகவே கேட்பதற்குக் கணக்கும் இல்லை. சிறிய தொகையாக இருந்தாலும், பகுதிக்கென்று ஒரு நிதியை ஒதுக்கி அதற்குக் கணக்குக் கேட்கும் மாநகராட்சிதான் சபையை மதிக்கிறது என்று நான் நம்புவேன்.

கேள்வி: தீர்மானம் போட்டால் அதிகாரிகள் கட்டுப்பட வேண்டுமா? (வழக்கறிஞர்)

பகுதி சபையின் தீர்மானம் பரிந்துரைதான். ஆனாலும் பரிந்துரைக்குப் பதில் வரவேண்டும். ஒவ்வொரு கூட்டத்தின் முதல் பொருளாக, சென்ற கூட்டத் தீர்மானங்களின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். தீர்மான எண், நாள், பொருள் மூன்றையும் குறிப்பிட்டுக் கேட்டால் மழுப்ப முடியாது. அதற்காகவும்தான் பதிவேட்டின் மீது இவ்வளவு அக்கறை காட்டுகிறேன்.

கேள்வி: மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தால் வார்டு குழு என்னவாகும்? (சமூக ஆர்வலர்)

மன்றத்தோடு அதுவும் முடிந்துவிடும். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தமிழக நகரங்கள் தனி அலுவலர்களின் கையில் இருந்ததை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு காலத்தில்தான் மக்கள் சபை மிகவும் தேவைப்படும். அப்போதே அது இல்லாமற்போகும். பகுதி சபையை மட்டுமாவது மன்றத்தின் ஆயுளிலிருந்து பிரித்துவிடலாம், ஏனெனில் அதன் உறுப்பினர்கள் வாக்காளர்கள். அவர்களுக்குப் பதவிக்காலம் கிடையாது.

கேள்வி: உத்திரமேரூரிலேயே நாம் இதையெல்லாம் செய்துவிட்டோம் என்கிறார்கள். உண்மையா? (பள்ளி ஆசிரியர்)

பாதி உண்மை. முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஊரை இன்றைய வார்டு போன்ற 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை மூலம் வாரியங்களுக்கு உறுப்பினர்களை எடுத்ததை விரிவாகச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினர்களும் தகுதியிழந்தார்கள். இன்றைக்கும் எடுத்துக்கொள்ள வேண்டிய விதி அது. ஆனால் அது பிராமண ஊர்ச்சபை. நிலமும் வேதக் கல்வியும் தகுதிகளாக இருந்தன. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்று சொல்லும் இன்றைய பகுதி சபை, அந்த வகையில் அதைவிட மேலானது. வகுப்பில் இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: கூட்டத்தில் ஆண்களே பேசுகிறார்கள். எங்கள் முறை வரும்போது நேரம் முடிந்துவிட்டது என்கிறார்கள். (சுய உதவிக் குழு உறுப்பினர்)

நிகழ்ச்சி நிரலில் உங்கள் பொருளை முன்கூட்டியே எழுத்தில் சேர்த்துவிடுங்கள். நிரலில் ஏறிவிட்ட பொருளைத் தள்ளிவைப்பது கடினம். பேசும்போது பொதுவாகச் சொல்லாதீர்கள். மாநகராட்சிப் பள்ளி வகுப்பறை ஒன்றில் நடந்த கூட்டத்தில், குழந்தைகளின் குட்டை பெஞ்சில் அமர்ந்திருந்த ஒரு பெரியம்மா, முந்தானையில் முடிந்துவைத்திருந்த துண்டுத்தாளை எடுத்து நான்கு தெருவிளக்குக் கம்பங்களின் எண்களையும், ஒவ்வொன்றும் எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை என்பதையும் வாசித்தார். அதற்கு முன் மூன்று பேர் "தெருவில் வெளிச்சமே இல்லை" என்று ஆவேசமாகப் பேசியிருந்தார்கள். உதவிப் பொறியாளர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா வாசிக்கத் தொடங்கியதும் பேனாவைத் திறந்தார்.