கருப்பட்டிக் கடையின் இணையதளம் கூகுளில் வரவில்லை: மாதம் 12,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: உடன்குடிக்கு அருகில் எங்கள் குடும்பம் பல ஆண்டுகளாகக் கருப்பட்டி காய்ச்சி விற்று வருகிறது. 14 மாதங்களுக்கு முன், இணையதளம் உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஒரு தளம் அமைத்தோம். ஏறக்குறைய 20 பக்கங்கள் உள்ளன. கூகுளில் ‘கருப்பட்டி’ என்று தேடி எத்தனை பக்கம் தள்ளிப் பார்த்தாலும் எங்கள் தளம் வருவதில்லை. மாதம் 12,000 ரூபாய் வீதம் ஆறு மாதம் கட்டினால் முதலிடம் உறுதி என்று ஒரு நிறுவனம் விலைப்புள்ளி அனுப்பியுள்ளது; அதை இணைத்திருக்கிறேன். பணம் கட்டலாமா?

பதில்: இப்போது கட்ட வேண்டாம். நீங்கள் அனுப்பிய முகவரியையும் விலைப்புள்ளியையும் பொறுமையாகப் பார்த்த பிறகே இதைச் சொல்கிறேன். உங்கள் தளம் கூகுளின் பதிவேட்டில் இன்னும் ஏறவே இல்லை. ஏறாத தளத்துக்கு முதலிடம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் தளத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு தேடுபொறி மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலில் அதன் மென்பொருள் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் சென்று படிக்கிறது. படித்தவற்றுள் தகுதியானவற்றைத் தன் பதிவேட்டில் சேர்க்கிறது. யாரேனும் தேடும்போது அப்பதிவேட்டிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்துகிறது. எஸ்இஓ, அதாவது தேடலில் தளத்தை முன்னே கொண்டுவரும் வேலை, என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் மூன்றாவது வேலையைப் பற்றியே பேசுகின்றன. ஆனால் என்னிடம் வரும் சிறு வணிகத் தளங்களில் பல முதல் இரண்டு படிகளிலேயே சிக்கிக் கிடக்கின்றன.

இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். கூகுள் தேடல் பெட்டியில் ‘ஸைட்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் டொமைன் பெயரை (தளத்தின் முகவரியை) தட்டுங்கள். பதிவேட்டில் உள்ள உங்கள் பக்கங்கள் மட்டும் வரும். நான் தட்டியபோது ஒன்றுகூட வரவில்லை. பிறகு பக்கத்தின் மூலநிரலை, அதாவது திரைக்குப் பின்னால் உள்ள கட்டளை வரிகளை, திறந்தேன். மேற்பகுதியிலேயே ‘நோஇண்டெக்ஸ்’ என்ற கட்டளை இருந்தது. இந்தப் பக்கத்தைச் சேர்க்காதே என்று உங்கள் தளமே தேடுபொறிகளிடம் 14 மாதங்களாகச் சொல்லி வந்திருக்கிறது. வேர்ட்பிரஸ் அமைப்புகளில் ‘ரீடிங்’ என்ற பகுதியின் கீழே, தேடுபொறிகள் இத்தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் சிறிய கட்டம் ஒன்று உண்டு. தளத்தை வடிவமைக்கும்போது அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியக்கூடாதென்று அதில் டிக் செய்து வைப்பது வழக்கம். வேலை முடிந்த அன்று அதை எடுக்க மறந்துவிடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜவுளிக் கடையின் தளத்தைப் புதுப்பித்துக் கொடுத்தபோது நானும் மறந்தேன். ஆறு வாரம் கழித்துக் கடைக்காரர் விற்பனை குறைந்ததைச் சொன்ன பிறகே கண்டுபிடித்தேன். அந்த வருத்தத்துக்குப் பிறகு, எந்தத் தளத்தைப் பார்த்தாலும் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் பார்க்கிறேன். நீங்கள் இன்றே அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

அடுத்து, தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்பதை உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவியில் உங்கள் தளத்தைப் பதிவு செய்யுங்கள். கட்டணம் இல்லை. டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் பதிவு எனப்படும், டொமைன் அமைப்புகளில் இடும் ஒரு வரியைச் சேர்த்து உரிமையை உறுதிப்படுத்த வேண்டும். அல்லது அவர்கள் தரும் ஒரு கோப்பை ஹோஸ்டிங்கில் (தளத்தின் கோப்புகள் இருக்கும் இடத்தில்) ஏற்றினாலும் போதும். பிறகு, தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பின் முகவரியைக் கொடுங்கள். ஒரு சைட்மேப்பில் 50,000 முகவரிகள் வரை இடலாம் என்பதால் உங்கள் 20 பக்கங்களுக்கு ஒன்றே தாராளம். சைட்மேப் கொடுத்தாலே பக்கங்கள் சேர்ந்துவிடும் என்று பொருளில்லை. அது ஒரு தகவல், அவ்வளவே. எந்தப் பக்கம் சேர்ந்தது, எது பார்க்கப்பட்டும் சேர்க்கப்படவில்லை, எதற்கு என்ன தடை என்பதை அதே கன்சோல் பக்கம் வாரியாகக் காட்டும். எந்தெந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் தளம் காட்டப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்ற கணக்கும் 16 மாதங்கள் வரை அங்கே கிடைக்கும். பிங் என்ற மற்றொரு தேடுபொறியின் இதேபோன்ற வெப்மாஸ்டர் கருவியிலும் சேர்ந்துவிடுங்கள். கூகுள் கன்சோலிலிருந்தே விவரங்களை இழுத்துக்கொள்ளும் வசதி அதில் உண்டு.

இப்போது தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருகிறேன். உங்கள் ‘எங்களைப் பற்றி’ பக்கம் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டியபோது, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு குவியல் வந்து விழுந்தது. மெய்யெழுத்தின் புள்ளி வரவேண்டிய இடத்தில் எல்லாம் ஓர் அரைப்புள்ளி. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. அச்சகத்தில் அதில் தட்டச்சு செய்த துண்டறிக்கையின் உரையை, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொது முறையான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றாமல் அப்படியே பக்கத்தில் இட்டு, அந்த எழுத்துருவையும் கூடவே ஏற்றியிருக்கிறார்கள். மனிதக் கண்ணுக்கு அது ‘கருப்பட்டி’. தேடுபொறி எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் குறியீட்டை மட்டும் படிக்கிறது. அதனால் அந்தப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல்லும் இல்லை என்றே அது முடிவு செய்யும். எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துத் திருத்துவது அவசியம். கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

விலைப்பட்டியலை ஒரே படமாக, சுவரொட்டி போல வடிவமைத்து ஏற்றியிருப்பதும் ஏறக்குறைய இதே தவறுதான். படத்துக்குள் இருக்கும் எழுத்தை உரைக்கு நிகராக நம்பிவிட முடியாது. ‘சில்லுக் கருப்பட்டி, அரை கிலோ, இன்ன விலை’ என்பதைச் சாதாரண எழுத்தில் எழுதுங்கள். படம் பக்கத்தில் இருக்கட்டும். அதற்கு ஒரு வரி மாற்று உரையும், அதாவது படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மறைகுறிப்பும், கொடுங்கள்.

எழுத்து சரியான பிறகு, எந்தச் சொல்லை எழுதுவது என்ற கேள்வி வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஏனெனில் இங்கே பெரிய நிறுவனத்தைவிட உங்களுக்கே அனுகூலம் அதிகம். ஒரே பொருளைத் திருநெல்வேலிக்காரர் கருப்பட்டி என்று தேடுவார், வேறு ஊரில் ஒருவர் பனைவெல்லம் என்பார், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர், ‘ப’வுக்கு ஓரெழுத்து இட்டும் ஈரெழுத்து இட்டும் தேடுவார், வெளிமாநிலத்தவர் ‘பாம் ஜாகரி’ என்பார். இவற்றையெல்லாம் ஒரே பத்தியில் திணித்தால் படிக்கச் சகிக்காது. வாடிக்கையாளர்கள் உண்மையில் எப்படிக் கேட்கிறார்கள் என்பது உங்கள் வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே இருக்கிறது. கடந்த பருவத்தில் வந்த செய்திகளை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்து, திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். சீனி கலந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மழைக்காலத்தில் கசிகிறதே, கெட்டுவிட்டதா? மேலே வெள்ளையாகப் படர்ந்தால் பயன்படுத்தலாமா? பனங்கற்கண்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? காபியில் போட்டால் பால் திரிகிறதே, ஏன்?

இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். பதநீரில் சுண்ணாம்பு எதற்கு, பாகு பதம் வந்ததை எப்படி அறிவது, எந்தச் சிரட்டையில் வார்க்கிறீர்கள், ஓலைக் கொட்டானில் வைப்பதால் என்ன பயன் என்பவை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தவை. நீங்கள் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிற இந்தச் செய்திகளைத்தான் சென்னையிலிருந்து ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார். நீங்களே எடுத்த படங்களுடன், பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள். கருப்பட்டி சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்பது போன்ற மருத்துவ வாக்குறுதிகளை மட்டும் எழுதிவிடாதீர்கள். அது உண்மையுமில்லை, உடல்நலம் தொடர்பான பக்கங்களின் நம்பகத்தன்மையைக் கூகுள் கூடுதல் கவனத்தோடு எடைபோடுவதால் தளத்துக்கும் கேடு. வேறு தளத்திலிருந்து வெட்டி ஒட்டுவதும், இயந்திரத்தைக் கொண்டு நூறு கட்டுரைகளை ஒரே நாளில் எழுதி நிரப்புவதும் வேண்டாம். தேடல் வரிசைக்காகவே பயனற்ற பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வதைக் கூகுள் 2024 மார்ச் முதல் வெளிப்படையாகவே ஸ்பேம் என்று வகைப்படுத்தியிருக்கிறது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனித் தலைப்பு தேவை. உங்கள் முகப்பின் தலைப்பு இப்போது ‘ஹோம்’ என்று இருக்கிறது. தேடல் முடிவில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் இந்தத் தலைப்புதான். அங்கே பொருளும் ஊரும் கடைப்பெயரும் இருக்கட்டும். முகவரியைத் தமிழில் வைப்பதில் தவறில்லை, கூகுள் அதைப் படித்துக்கொள்ளும். ஆனால் ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. ‘கருப்பட்டி’ என்ற ஒரு சொல்லில் ஒருங்குறிக் கணக்கில் 10 குறிகள் இருக்கின்றன. முகவரியாக மாறும்போது ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறியுடன் கூடிய 9 எழுத்துகளாக விரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்த ஒரு சொல்லே 90 எழுத்து நீளத்தில் போய் நிற்கக்கூடும். ஆகவே முகவரியைச் சுருக்கமான ஆங்கில எழுத்தில் வைத்து, உள்ளடக்கத்தைத் தமிழில் எழுதுவதே என் பரிந்துரை.

விலைப்புள்ளியைப் பார்ப்போம். முதல் வரி: ‘100 மெட்டா கீவேர்டுகள்’. கீவேர்டு மெட்டா டேக் என்பது பக்கத்தின் நிரலில் வாசகருக்குத் தெரியாமல் எழுதும் தேடற்சொல் பட்டியல். அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. இரண்டாவது வரி: ‘மாதம் 500 பேக்லிங்க்’. பிற தளங்கள் உங்களுக்குத் தரும் இணைப்பு மதிப்புடையதுதான். ஆனால் காசுக்கு வாங்கிய இணைப்பு விதிமீறல். 2012 ஏப்ரலில் கூகுள் தன் வரிசைப்படுத்தும் முறையில் கொண்டுவந்த, பெங்குவின் என்று பெயரிடப்பட்ட மாற்றம் இத்தகைய தளங்களையே குறிவைத்தது. உங்களைப் பற்றி எழுதிய உணவுப் பதிவர், உங்களிடம் வாங்கி விற்கும் நாட்டு மருந்துக் கடை போன்றோரின் தளங்களிலிருந்து வரும் ஐந்தாறு இணைப்புகள், முன்பின் தெரியாத 500 இணைப்புகளைவிட மேலானவை. மூன்றாவது வரி: ‘முதலிடம் உத்தரவாதம்’. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர இயலாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. மொத்தம் 72,000 ரூபாய். அந்தப் பட்டியலில் உங்கள் எழுத்துருவைப் பற்றியோ, நோஇண்டெக்ஸ் பற்றியோ ஒரு சொல்கூட இல்லை.

நேரில் வந்து வாங்கும்படியான கடை உங்களுக்கு உண்டென்றால், கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் கடையின் விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலைக் கட்டணமின்றி உருவாக்குங்கள். இணையத்தில் மட்டும் விற்பவர்களுக்கு அது பொருந்தாது. பெயர்ப் பலகையில் உள்ள பெயரையே இடுங்கள். ‘ஒரிஜினல் சுத்தமான நம்பர் ஒன்’ என்று அடைமொழிகளைச் சேர்ப்பது அவர்களின் விதிக்கு எதிரானது. விமர்சனம் எழுதச் சொல்லிக் கேட்கலாம். அதற்காகத் தள்ளுபடியோ பரிசோ தரக்கூடாது.

வேகத்தைப் பற்றி மிகவும் கவலைப்பட வேண்டாம், ஒன்றைத் தவிர. உங்கள் முகப்பில் உள்ள பனங்காட்டுப் படம் கைபேசியில் எடுத்த அளவிலேயே, நான்கு எம்பிக்கு மேல் இருக்கிறது. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 வினாடிக்குள் தோன்ற வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். சுமாரான சிக்னல் உள்ள ஊரில் அந்தப் படத்தோடு அது நடக்காது. 200 கேபிக்குள் சுருக்கி ஏற்றுங்கள். கைபேசியில் தெரியும் வடிவத்தைக் கொண்டே கூகுள் தளங்களைப் படிக்கிறது என்பதால், எதைச் செய்தாலும் கைபேசியில் திறந்து சரிபாருங்கள்.

பலன் எப்போது தெரியும்? பக்கங்கள் பதிவேட்டில் ஏறச் சில நாள் முதல் சில வாரம் ஆகலாம். வரிசையில் முன்னேற நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்பது கூகுள் தரப்பிலேயே சொல்லப்பட்ட கணக்கு; என் அனுபவமும் அதை ஒட்டியதே. ‘கருப்பட்டி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பெரிய விற்பனைத் தளங்களோடு மோத வேண்டியிருக்கும். அதை இப்போதைக்கு இலக்காக வைக்காதீர்கள். ‘கருப்பட்டி மழைக்காலத்தில் கசிவது ஏன்’ என்பது போன்ற நீண்ட தேடல்களில் நீங்கள் முன்னே வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது, அப்படித் தேடி வருகிறவர் வாங்கும் எண்ணத்தோடும் இருப்பார். பங்குனி, சித்திரையில் பதநீர் இறக்கும் வேலை சூடுபிடித்துவிட்டால் உங்களுக்கு எழுத நேரம் இருக்காது. ஆகவே டிக்கை எடுப்பதும் எழுத்துருவை மாற்றுவதும் இந்த வாரமே நடக்கட்டும். கேள்விப் பக்கங்களை வாரத்துக்கு ஒன்றாகத் தை முடிவதற்குள் ஏற்றிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து சர்ச் கன்சோலின் தேடல் சொற்கள் பட்டியலைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகு, யாருக்காவது பணம் கொடுக்க வேண்டுமா, கொடுத்தால் எந்த வேலைக்கு என்பதைச் சேர்ந்தே முடிவு செய்வோம்.