குற்றம் குறைந்த ஊர் எது? – ரைட்டர் பதில்கள்

கேள்வி: கூடுவாஞ்சேரியிலோ திருநின்றவூரிலோ வீடு வாங்க எண்ணம். மகள் வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் ரயிலில் வருவாள். எந்த ஊரில் குற்றம் குறைவு, எந்த நகராட்சி பாதுகாப்புக்கு அதிகம் செலவழிக்கிறது?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: செலவுக் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும் அம்மா. காவல்துறை மாநில அரசின் கையில் இருக்கிறது. போலீஸ்காரர் சம்பளமும் ஜீப்புக்கு டீசலும் நகராட்சி தருவதில்லை. நகராட்சியிடம் நீங்கள் கேட்க வேண்டியது தெருவிளக்குதான். கடைக்காரர்கள் தாங்களே மாட்டிய கேமராவோ எந்த பட்ஜெட்டிலும் வராது.

குற்ற எண்ணிக்கைக்கு வருவோம். ஸ்டேஷன் ரைட்டராக அந்தப் பதிவேடுகளை எழுதியவன் நான். அதில் ஏறுவது எஃப்.ஐ.ஆர். போட்டவை மட்டுமே. போனைப் பறிகொடுத்தவரை, வழக்குப் பதியாமல், புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடும் ஸ்டேஷன் காகிதத்தில் சொக்கத்தங்கமாக இருக்கும். ஒழுங்காக வழக்குப் பதியும் ஸ்டேஷனுக்குத்தான் ரவுடி ஊர் என்ற பெயர். (இப்படிப்பட்ட புகாருக்கு வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லியாயிற்று. சரி, அது தனிக் கதை.) எண்ணிக்கை ஏறினால் ஊர் கெட்டுவிட்டது என்றும் அர்த்தமில்லை. அரசு உத்தரவை மீறியதாக, அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-வது பிரிவில் 2019-ல் நாடு முழுக்கப் பதிவானவை 29,469 வழக்குகள், 2020-ல் 6,12,179. எல்லாம் ஊரடங்கு செய்த வேலை.

சின்ன ஊர் என்றால் இன்னும் வம்பு. விகிதத்தை லட்சம் பேருக்கு இத்தனை என்று போடுவார்கள். ஐம்பதாயிரம் பேர் உள்ள ஊரில் ஒரே பங்காளிச் சண்டையில் இரண்டு கொலை விழுந்தால் விகிதம் 4; மறு வருஷம் பூஜ்யம். வகுக்கும் மக்கள்தொகையோ 2011 கணக்கு. அதற்கப்புறம் கூடுவாஞ்சேரியில் எத்தனை அடுக்குமாடி முளைத்தது என்று ரயில் ஜன்னலிலேயே தெரியும். உங்கள் மகள் விஷயத்தில் முக்கியமானது, மின்சார ரயிலில் நடக்கும் திருட்டு ரயில்வே போலீஸ் கணக்குக்குப் போய்விடும், ஊர்க் கணக்கில் இருக்காது.

அதனால், அவள் வரும் ரயிலிலேயே நீங்களும் ஒருநாள் இறங்கி, பார்த்து வைத்த வீடு வரை நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, எத்தனை கடை திறந்திருக்கிறது, ஆட்டோ ஸ்டாண்டில் ஆள் இருக்கிறார்களா? அந்தத் தெருவில் ரோந்துப் போலீஸார் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகம் வைத்திருக்கிறார்களா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். இருந்தால், கடைசிக் கையெழுத்தின் தேதியைப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், இரண்டில் எந்த ஊரானாலும், விலை கொஞ்சம் கூடினாலும், ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கும் வீட்டைத்தான் வாங்குவேன்.