நோட்டீஸ் அனுப்பினால்தான் விவாகரத்துக் கேட்கலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. ஊர் பாண்டிருப்பு. 2016இல் பதிவுத் திருமணம் செய்தோம். ஒரு மகள், தரம் இரண்டில் படிக்கிறாள். கணவர் கட்டாரில் வேலை செய்தவர். போன வருடம் ஊருக்கு வந்தவர் எங்கள் வீட்டுக்கு வராமல் களுவாஞ்சிகுடியில் தாய் வீட்டுக்கே போய்விட்டார். பதினான்கு மாதமாக ஒரு சதமும் தரவில்லை. "நான் இனி வரமாட்டன். நீ நோட்டீஸ் அனுப்பு, நான் சைன் வைக்கிறன்" என்று வட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். பொலிஸுக்குப் போய் இரண்டு பேரும் விருப்பத்தோடு பிரிகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் ஆறு மாதத்தில் விவாகரத்துக் கிடைக்கும் என்கிறார் அவருடைய அண்ணன். நான் முதலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டுமா? அதில் என்ன எழுதுவது? அம்மா எனக்கு எழுதித் தந்த வீட்டில் அவர் மேல்மாடி கட்டினார், அதனால் பாதி வீடு தனக்கு என்கிறார். கொடுக்க வேண்டுமா?

பதில்:

சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொலிஸ் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். யார் கூட்டிக்கொண்டு போனாலும், "சும்மா ஒரு என்ட்ரிதான்" என்று சொன்னாலும் வைக்க வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நோட்டீஸ் கட்டாயமா என்றால், இல்லை. விவாகரத்து வழக்குப் போடுவதற்கு முன் துணைக்குச் சட்டத்தரணி கடிதம் அனுப்பியே ஆக வேண்டும் என்று நமது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் எங்கும் இல்லை. நீங்கள் வசிக்கும் இடத்துக்கு நியாயாதிக்கமுள்ள மாவட்ட நீதிமன்றத்தில், உங்கள் விடயத்தில் கல்முனையில், நேரடியாக வழக்குத் தாக்கல் செய்யலாம். அதன் பிறகு நீதிமன்றம் அவருக்கு அனுப்பும் அழைப்பாணைதான் சட்டப்படியான அறிவித்தல். அவர் களுவாஞ்சிகுடியில் இருப்பதால் நீங்கள் அங்கே போய்த்தான் வழக்காட வேண்டும் என்பதும் இல்லை.

இந்த ஆறு மாதக் கதை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். இந்தியச் சட்டத்தரணிகளின் யூடியூப் காணொளிகளை நம்மவர்கள் நிறையப் பார்க்கிறார்கள். இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில், கணவனும் மனைவியும் சேர்ந்து மனுப்போட்டு, ஆறு மாதம் காத்திருந்து, பரஸ்பர சம்மதத்தில் பிரியலாம். அந்தச் சட்டம் இலங்கையில் செல்லாது. இங்கே 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு மூன்றே காரணங்களை ஏற்கிறது. திருமணத்துக்குப் பின் வேறொருவருடன் தகாத உறவு வைத்திருந்தது, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போனது, திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மையின்மை போன்ற குறை. "இரண்டு பேருக்கும் விருப்பம்" என்பது அந்தப் பட்டியலில் இல்லை. எனவே "சைன் வைக்கிறன்" என்று உங்கள் கணவர் சொல்வதற்கு எந்தப் பெறுமதியும் இல்லை. கையெழுத்து வைத்து முடிக்கிற விவாகரத்து, உங்களைப் போல் இந்தச் சட்டத்தின் கீழ் திருமணம் பதிந்தவர்களுக்குக் கிடையாது. அவர் வழக்கை எதிர்க்காமல் இருக்கலாம், அது வேறு. எதிர்க்காவிட்டாலும் நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறிக் காரணத்தை நிரூபிக்க வேண்டும். இருவரும் கூடிப் பேசிப் பொய்க் காரணம் சோடித்துக் கொண்டுவந்தார்கள் என்று தெரிந்தால் வழக்கே தள்ளுபடியாகும்.

ஏழு வருடம் பிரிந்திருந்தால் தானாகவே விவாகரத்து ஆகிவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். எத்தனை வருடம் ஆனாலும் தானாக எதுவும் ஆகாது. சட்டக்கோவையின் 608ஆம் பிரிவில் ஏழு வருடப் பிரிவு பற்றி ஓர் ஏற்பாடு இருப்பது உண்மை. ஆனால் காலம் மட்டும் போதாது, திருமணத்தை முறித்த தவறும் நிரூபிக்கப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்துவிட்டது.

இனிப் பொலிஸ் கடிதம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி, தன்னைத் தாபரிக்க இயலாத மனைவி, வசதியிருந்தும் தராத கணவரிடம் நீதவான் நீதிமன்றத்தில் மாதாந்தப் பணம் கேட்கலாம். அதே சட்டம் ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. இருவரும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் துணைக்குத் தாபரிப்பு இல்லை. "நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழச் சம்மதிக்கிறோம்" என்ற ஒற்றை வரியில் நீங்கள் கையெழுத்து வைத்தால், நாளை அவருடைய சட்டத்தரணி அந்தப் பொலிஸ் பதிவின் பிரதியை எடுத்து வந்து நீதவான் முன் வைப்பார். பிள்ளைக்கான தாபரிப்பு அதனால் போகாது. உங்களுக்கானது போய்விடும். அத்தோடு முடியவில்லை. சம்மதித்துப் பிரிந்தவரை "கைவிட்டுப் போனார்" என்று எப்படிச் சொல்வது? உங்கள் விவாகரத்து வழக்கின் அடித்தளமே அந்த வரியோடு ஆடிப்போகும். தாபரிப்பு இழந்து, வழக்கும் பலமிழந்து நிற்கிற பெண்கள் நம் பகுதியில் இருக்கிறார்கள். எல்லோரும் நல்லெண்ணத்தோடு கூட்டிப்போனவர்களை நம்பிக் கையெழுத்து வைத்தவர்கள்தான். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு. குடும்பப் பிணக்கைச் சமாதானப்படுத்துவது நல்ல காரியம். ஆனால் ஒரு பெண்ணின் சட்ட உரிமையை அவளுக்கே தெரியாமல் எழுதி வாங்க யாருக்கும் அதிகாரமில்லை.

அப்படியானால் நோட்டீஸே வேண்டாமா? உங்கள் விடயத்தில் அனுப்பலாம் என்றே நினைக்கிறேன். கைவிட்டுப் போனது என்பதற்கு இரண்டு விடயங்களை நிரூபிக்க வேண்டும். அவர் விட்டுப் போனார் என்பது ஒன்று, திரும்பி வருவதில்லை என்ற எண்ணத்தோடு நியாயமான காரணமின்றிப் போனார் என்பது மற்றது. இதற்கு இத்தனை மாதம், இத்தனை வருடம் என்ற குறைந்தபட்சக் கெடு எதுவும் நமது சட்டத்தில் இல்லை. நீங்கள் அழைத்தும் அவர் வரவில்லை என்பதைக் காட்டுகிற எழுத்து இரண்டாவது விடயத்துக்கு நல்ல சாட்சியம்.

ஆனால் "14 நாட்களுக்குள் வந்து என்னோடு குடும்பம் நடத்து" என்று எழுதி அனுப்பிவிட்டு, பத்தாம் நாள் அவர் சூட்கேசோடு உங்கள் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? அவர் மனதார வந்திருந்தால், காரணமில்லாமல் கதவைச் சாத்துகிறவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். கைவிட்ட பழி உங்கள் பக்கம் திரும்பும். ஆகவே கடிதம் எழுதுவதற்கு முன் தனியே இருந்து யோசியுங்கள். அவர் வந்தால் ஏற்பீர்களா? ஏற்பேன் என்றால் அழையுங்கள். ஏற்கவே மாட்டேன் என்றால் அழைக்க வேண்டாம், நேரே வழக்குப் போடுங்கள். மனதில் இல்லாததைச் சட்டத்தரணியின் கடிதத்தாளில் எழுதக் கூடாது.

உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு நல்ல சாட்சியம் இருக்கிறது. "நான் இனி வரமாட்டன்" என்ற அந்த வட்ஸ்அப் செய்தி. அதை அழிக்காதீர்கள், அந்தப் போனை விற்காதீர்கள், மாற்றாதீர்கள். திரையைப் படமெடுத்து வைத்தால் மட்டும் போதாது, செய்தி வந்த போனே இருக்க வேண்டும். இலத்திரனியல் சாட்சியத்தை நீதிமன்றத்தில் முன்வைக்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமும் வழி செய்கின்றன. அதற்கென்று முன்னறிவித்தல் போன்ற நடைமுறைகள் உண்டு. ஆகவே முதல் நாளே சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

கடிதம் குட்டையாக இருக்கட்டும். திருமணத் திகதி, பதிவு இலக்கம், பிள்ளையின் பெயரும் பிறந்த திகதியும், அவர் எந்தத் திகதியில் இருந்து வீட்டுக்கு வரவில்லை, யாரை அனுப்பி எப்போது அழைத்தீர்கள், அவர் என்ன சொன்னார், எந்த மாதத்திலிருந்து செலவுக்குத் தரவில்லை. இவ்வளவும் இருந்தால் போதும். திட்டு, சாபம், மாமியார் சொன்ன பழைய கதை ஒன்றும் வேண்டாம். அவருக்கு வேறு பெண்ணோடு தொடர்பு என்று சந்தேகம் மட்டும் இருந்தால் அதையும் எழுதாதீர்கள். தகாத உறவைக் காரணமாக வைத்தால் அந்த மற்றவரையும் வழக்கில் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டிவரும். நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டு உங்கள் சாட்சியத்தின் மீதான நம்பிக்கையையே கெடுக்கும். "நாம் பிரிந்துவிட்டோம்" என்று எழுதாமல் "நீங்கள் என்னையும் பிள்ளையையும் விட்டுச் சென்றீர்கள்" என்று எழுதச் சொல்லுங்கள். முதல் வாக்கியம் அவருக்கு உதவும், இரண்டாவது உங்களுக்கு உதவும்.

பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். அவர் வாங்க மறுத்துக் கடிதம் திரும்பி வந்தால் அந்த உறையைப் பிரிக்காதீர்கள். தபால்காரர் எழுதிய குறிப்பும் தபால் முத்திரையும் அப்படியே இருக்கிற, ஒட்டுப் பிரியாத உறைதான் சாட்சியம். ஆவலில் வீட்டில் யாரும் கிழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணவர் அடிக்கிறவர், குடித்துவிட்டு வந்து மிரட்டுகிறவர் என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அப்படிப்பட்டவருக்கு நோட்டீஸ் அனுப்பி உசுப்பிவிடுவது ஆபத்து. அங்கே முதல் வேலை 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறுவது. இதை வாசிக்கிற வேறு யாருக்காவது பயன்படும் என்பதால் சொல்கிறேன். முஸ்லிம் சகோதரிகளுக்கும் இந்தப் பதிலின் விவாகரத்துப் பகுதி பொருந்தாது, அவர்களுடையது காதி நீதிமன்றத்தில் நடப்பது.

வீட்டு விடயத்தில் பயப்பட வேண்டாம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவதுதானே வழக்கம். அம்மா உங்கள் பெயரில் நன்கொடை உறுதி முடித்துப் பதிந்திருந்தால் அது உங்கள் தனிச் சொத்து. தேசவழமை என்கிற வழக்காற்றுச் சட்டம் யாழ்ப்பாணத் தமிழருக்குரியது, நம் பகுதித் தமிழரை அது கட்டாது. நமக்குப் பொருந்துவது 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம். மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்திருக்கலாம், விற்கலாம். (கணவர் யாழ்ப்பாணத் தமிழர் என்றால் நிலைமை மாறும், களுவாஞ்சிகுடிக்காரருக்கு அந்தச் சிக்கல் இல்லை.) மேல்மாடிக்குக் காசு போட்டதால் அவர் வீட்டின் பாதிக்கு உரிமையாளர் ஆகிவிடமாட்டார். தான் செலவழித்த பணத்துக்கு இழப்பீடு கேட்டுப் பார்க்கலாம், அதை அவர் கணக்கோடு நிரூபிக்க வேண்டும். விவாகரத்துத் தீர்ப்பின்போது சொத்து, பணம் பற்றிக் கட்டளையிடும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு என்பதையும் மறைக்க மாட்டேன். அதனால்தான் நோட்டீஸில் "நாங்கள் இருவரும் சேர்ந்து கட்டிய வீடு" என்பது போன்ற வரி தப்பித்தவறியும் வரக் கூடாது. காணி உறுதிக் காணியா, அரச அனுமதிப்பத்திரக் காணியா என்பதை மட்டும் சரிபாருங்கள். அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலகத்தில் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒழுங்கு முறையைக் கேட்டால், நான் தாபரிப்பு வழக்கை முதலில் போடச் சொல்வேன். பதினான்கு மாதமாகப் பிள்ளையின் பாற்காசுக்கும் பள்ளிச் செலவுக்கும் நீங்கள் தனியே அலைகிறீர்கள். விவாகரத்து இழுபடும், பிள்ளையின் வயிறு காத்திருக்காது. கல்முனை நீதவான் நீதிமன்றத்தில் உங்களுக்கும் மகளுக்கும் சேர்த்தே கேளுங்கள். அவருடைய வருமானத்துக்கு ஆதாரம் தேடுங்கள்: கட்டாரிலிருந்து பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகள், வங்கிப் புத்தகம், இப்போது அவர் செய்கிற வேலை. கட்டளை வந்த பிறகும் தராவிட்டால் நீதிமன்றம் பிடியாணை வரை போகலாம். பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கு. அங்கே தீர்ப்பு இரண்டு கட்டமாக வரும். முதலில் வருவது இறுதியானதல்ல, குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் அது முழுமையாகும். அதற்கு முன் நீங்களோ அவரோ மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது, குற்றமும் ஆகும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் வழக்குப் பேசுவார்கள். போகும்போது விவாகச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், வீட்டு உறுதி, அடையாள அட்டை, அந்தப் போன் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். களுவாஞ்சிகுடியில் அவர் இருக்கும் வீட்டின் சரியான முகவரியை அந்தப் பிரிவின் கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அழைப்பாணை தவறான முகவரிக்குப் போய்த் திரும்புவதால் பல வழக்குகள் தவணை மேல் தவணை போகின்றன.

மகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தகப்பன் அவளைப் பார்க்க வர விரும்பினால் பார்க்க விடுங்கள். "காசு தராவிட்டால் பிள்ளையைக் காட்டமாட்டேன்" என்று வட்ஸ்அப்பிலும் எழுதாதீர்கள், நோட்டீஸிலும் எழுத விடாதீர்கள். பிள்ளை யாரிடம் வளர்வது என்பதை நீதிமன்றம் பிள்ளையின் நலனை வைத்தே தீர்மானிக்கும். அந்த ஒரு வரி உங்கள் மேல் தவறான எண்ணத்தை உண்டாக்கிவிடும். அவர் வந்த நாட்களையும் வராத நாட்களையும் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வாருங்கள்.