வேதாகமத் தோட்டம்: இரண்டு காட்டத்திகளும் ஒரு மல்பெரியும்

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் ஆலயத்தை ஒட்டி 12 சென்ட் செம்மண் நிலம் சும்மா கிடக்கிறது. வேதாகமத்தில் வரும் மரம், செடிகளை நட ஆசை. போர்வெல்லில் தண்ணீர் சுமார்தான். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: கன்று வாங்குவதற்கு முன்னால் பெயர்களைச் சரிபாருங்கள். பலரும் ஏமாறுவது அங்கேதான்.

சகேயு ஏறியது காட்டத்தி (லூக்கா 19:4). ‘வேரோடே பிடுங்குண்டு கடலிலே நடப்படுவாயாக’ என்ற வசனத்திலும் (17:6) நம் பழைய மொழிபெயர்ப்பில் காட்டத்திதான். ஆனால் கிரேக்க மூலத்தில் இரண்டும் வேறு வேறு மரங்கள். பின்னது கறுப்பு மல்பெரி. பட்டுப்புழு வளர்க்கும் நம் மாவட்டத்தில் மல்பெரிக்குச்சிக்கா பஞ்சம்? பக்கத்துத் தோட்டத்தில் கேட்டாலே கிடைக்கும். இனம் கொஞ்சம் வேறு, ஆனால் நெருங்கிய உறவு. சகேயுவின் மரத்துக்கு நம் நாட்டு அத்தியை வையுங்கள். அதுவும் அந்த மரத்தின் பங்காளிதான். அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும். வேர் ஓடும் மரம், அதனால் சுவரிலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் 30 அடியாவது தள்ளி, மூலையில் நடுங்கள்.

ஆதாம் ஏவாள் இலையைத் தைத்துக் கட்டியது வேறு அத்தி, சீமை அத்தி. நர்சரியில் ‘அத்தி’ என்று மட்டும் கேட்டால் எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இலையைப் பாருங்கள்: விரல் விரித்த கை மாதிரி பிளவுபட்டு, தொட்டால் சொரசொரவென்று இருந்தால் அது சீமை அத்தி. பிளவில்லாமல் நீள்வட்டமாக இருந்தால் நாட்டு அத்தி.

அப்புறம், உபாகமம் 8:8. கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், தேன். இந்தத் தேனைப் பேரீச்சம்பழப் பாகு என்பது யூத மரபு. பேரீச்சை நம் மாவட்டத்தில் ஏற்கெனவே நன்றாகக் காய்க்கிறது. விதை போட்டு வளர்த்தால் ஆணா பெண்ணா என்று தெரிய வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். திசு வளர்ப்புப் பெண் கன்றாகவே வாங்குங்கள். 25 அடி இடைவெளி, 3 அடி குழி. ஆண் மரத்து மகரந்தத்தை வாங்கிவந்து கையால்தான் தூவ வேண்டும். பர்ஹி ரகம் என்றால் மஞ்சளாக இருக்கும்போதே பறித்துச் சாப்பிடலாம், மழையில் அழுகும் கவலை குறைவு.

மாதுளைக்கு 10 அடி இடைவெளி, சொட்டுநீர் போதும். திராட்சைக்கு வாசலில் ஒரு பந்தல். கவாத்து செய்ய ஆள் இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். கோதுமையும் வாற்கோதுமையும் கார்த்திகையில் தலா ஒரு பாத்தி விதையுங்கள்.

ஒலிவம் இங்கே மரமாக நிற்கும், காய்ப்பது அரிது. பூக்க அதற்கு நல்ல குளிர் வேண்டும், நம் மார்கழிப் பனி பத்தாது. இருந்தாலும் ஒன்று நடுங்கள். நோவாவிடம் புறா கொண்டுவந்தது இலையைத்தானே.

யோனாவுக்கு நிழல் தந்த ஆமணக்கு மானாவாரியாகவே வளரும். ஆனால் அதன் கொட்டை கொடிய விஷம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் விளையாடும் இடம் என்றால் பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி தனி வேலிக்குள் ஒரே ஒரு செடி வையுங்கள், குலை முற்றும் முன்பே வெட்டிவிடுங்கள்.