எல்லாப் பாத்திரமும் நீங்களாகவே இருந்தால்

வணக்கம். உங்கள் நாவலில் அக்கா, கடைக்காரர், போலீஸ்காரர் மூவருமே உங்களைப் போலத் தயங்கித் தயங்கிப் பேசுவதாகத் தோழி சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள். அதற்காக உங்கள் குணத்தைக் கதையிலிருந்து துரத்த வேண்டாம். ஒரு ஆளுக்கு மட்டும் கொடுங்கள், போதும்.

ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டி 1930களில் அரியாட்னி ஆலிவர் என்றொரு பாத்திரத்தைப் படைத்தார்; அவரும் துப்பறியும் கதை எழுத்தாளர்தான். அந்த அம்மாளுக்கு ஆப்பிள் என்றால் உயிர். தான் உருவாக்கிய ஃபின்லாந்து துப்பறிவாளனை நினைத்தாலே எரிச்சல். இரண்டும் கிறிஸ்டியின் சொந்தச் சரக்கு. தன் துப்பறிவாளரான பெல்ஜியக்காரர் பொய்ரோவை எழுதி எழுதி கிறிஸ்டியும் சலித்துப்போயிருந்தார். ஆனால் அதே கதைகளில் பொய்ரோ ஒழுங்குப் பைத்தியமாக, தன் மீசையைத் தானே மெச்சிக்கொண்டு, முற்றிலும் வேறு ஆளாகத்தான் வருகிறார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். தயக்கம் அக்காவிடமே இருக்கட்டும். கடைக்காரர் அதே பயத்தை வளவளவென்று பேசி மறைக்கலாம்: "தரேன்னு சொன்னேன்ல, தருவேன். ஓடியா போயிடுவேன்? டீ சாப்பிடறீங்களா?" போலீஸ்காரருக்கு அது சுத்தமாக வேண்டாம். அப்புறம், பெயர்களை எடுத்துவிட்டு வசனங்களை மட்டும் தோழியிடம் கொடுங்கள். எது யார் பேசுவது என்று அவருக்குத் தெரியாத இடங்களை மட்டும் திருத்தினால் போதும்.