குளத்தை ஒரே நாளில் வாரலாமா?

கேள்வி: ராஜாக்கமங்கலம் பக்கம் எங்கள் ஊர்க் குளம் முழுக்க ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. இளைஞர்கள் பதினைந்து பேர் சேர்ந்திருக்கிறோம். ஜேசிபி வைத்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வாரிவிட்டு, கரையில் ஆலும் அரசும் நட நினைக்கிறோம். அனுமதி வேண்டுமா?

பதில்: வேண்டும். நீர்வளத்துறைக் குளமா, ஊராட்சிக் குளமா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, உரியவர்களுக்கு எழுதிக் கொடுங்கள். கூடவே புலப்பட நகல் (குளத்தின் எல்லையை அளவோடு காட்டும் நில வரைபடம்) ஒன்று வாங்கிவிடுங்கள். எல்லை தெரியாமல் வாரினால், நீங்கள் சுத்தம் செய்த ஓரத்தில் அடுத்த வருஷம் யாராவது தென்னம்பிள்ளை வைத்திருப்பார்.

ஜேசிபியை மறந்துவிடுங்கள். முழங்கால் ஆழத்தில் சரிந்து இறங்கும் ஓரச் சேற்றில்தான் கொக்கும் நத்தைகுத்தி நாரையும் இரை தேடும். அதை இயந்திரம் செங்குத்தாக வெட்டிப் போட்டுவிடும். கையால் வாரினால் மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் என்ன வாருகிறோம் என்று கண்ணுக்குத் தெரியும். ஒரு செடியைத் தூக்கிப் பாருங்கள்: கறுத்த வேர்க்கொத்துக்குள் மீன்குஞ்சும் கூனிறாலும் துள்ளும். தண்ணீரிலேயே இரண்டு உதறு உதறிவிட்டுக் கரையேற்றுங்கள். அதைக் கரையோரமே குவித்தால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே போய்விடும். தள்ளிப் போட்டுக் காயவைத்து உரமாக்கலாம். பூப்பதற்கு முன் வாருவது முக்கியம், விதை சேற்றுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும்.

காலம்? பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை அடைத்து, குளம் வற்றும் பங்குனி, சித்திரை. ஆனி தொடங்கிவிட்டால் கை வைக்காதீர்கள். நானே ஒரு ஆடி மாதம் உற்சாகத்தில் இழுத்த இலைக்குவியலில், பாலிஷ் போட்டதுபோல் மினுங்கும் நாலு பழுப்பு முட்டைகள் இருந்தன. நீளவால் இலைக்கோழியின் கூடு. ஆண் பறவைதான் அடைகாக்கும். அன்று மாலைவரை அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. தாமரை, ஆம்பல், சம்பு இருக்கிற பகுதியை அப்படியே விடச் சொல்வது அதனால்தான்.

சாக்கடை வந்து சேரும் வாயை அடைக்காவிட்டால் எல்லாம் வீண். ஆகாயத்தாமரைக்குத் தீனியே அந்தக் கழிவுதான். பதினைந்து பேரில் இரண்டு பேரை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

மண்கரையில் ஆலும் அரசும் வேண்டாம், வேர் கரையைப் பிளக்கும். பனங்கொட்டை ஊன்றுங்கள்.

மாதம் ஒருநாள் விடியலில் பறவைகளை எண்ணித் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். நம் குமரி மாவட்டத்து வேம்பனூர் ஈரநிலம் 20 ஹெக்டேர்கூட இல்லை. 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்துவிட்டது. சின்னக் குளம்தானே என்று நினைக்க வேண்டாம். 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். பெரும்பாலும் காகிதத்தோடு சரி. உங்கள் கணக்கை, ஊரின் உயிரினங்களைப் பதிந்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்றக் கேளுங்கள். மார்ச் 22 தண்ணீர் தினக் கிராமசபையில் எல்லை அளக்கத் தீர்மானம் கேட்கும்போது அந்த நோட்டும் புலப்படமும் கையில் இருக்கட்டும்.

காலில் புண் இருப்பவரைத் தண்ணீரில் இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரலாம்.