மூன்று தொடுதலில் திறக்கும் லேப்டாப்

கேள்வி: அப்பத்தாவுக்கு எழுத்து பாஸ்வேர்டு அடிக்கடி மறந்துபோகிறது. அதனால் தொடுதிரை லேப்டாப்பில் எங்கள் வீட்டு நிலைக்கதவின் படத்தைப் போட்டு, மேலே இருக்கும் கஜலட்சுமியின் முகத்தையும் இரண்டு யானைகளையும் தொட்டால் திறக்கும்படி வைத்துக் கொடுத்தேன். திருவிழாவுக்கு வந்த சித்தி மகன் இரண்டாவது தடவையிலேயே திறந்துவிட்டான். படப் பாஸ்வேர்டே மோசமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: பூட்டு மோசமில்லை, நீங்கள் தொட்ட இடங்கள்தான் மோசம். அந்தப் படத்தை யாரிடம் நீட்டினாலும் விரல் முதலில் லட்சுமி முகத்துக்குப் போகும், அடுத்து யானைக்கு. படத்தில் ஆயிரம் இடம் இருந்தாலும் மனிதர்கள் தொடுவதென்னவோ முகம், கண், பளிச்சென்ற நிறம் என்று ஒரு சிலதைத்தான். இதை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டதும் அதுவே. ஆண்ட்ராய்டு போனின் ஒன்பது புள்ளிப் பூட்டிலும் இதே கதை. அதில் 3,89,112 விதமாகக் கோடு போடலாம், ஆனால் நிறையப் பேர் இடது மேல் மூலையில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த படப் பாஸ்வேர்டில் தொடுவதோடு கோடு இழுக்கலாம், வட்டமும் போடலாம். எந்தத் திசையில், எந்த வரிசையில் என்பதும் கணக்கு. நீங்கள் மூன்றுமே தொடுதலாக வைத்ததில் பாதி பலம் போய்விட்டது. ஐந்து முறை தப்பினால் அது எழுத்து பாஸ்வேர்டைக் கேட்கும்; வெளியாளுக்கு அது தடை, வீட்டை அறிந்தவனுக்கு ஐந்து வாய்ப்பே தாராளம்.

அதனால் படத்தை மாற்றுங்கள். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் அடுக்கியிருப்பார்களே, அந்த மாதிரி மங்கு (எனாமல் பூசிய) சாமான் நிறைந்த அலமாரிப் படம் நல்லது, ஏனென்றால் அதில் கண் ஒரே இடத்தில் நிற்காது. எதைத் தொடுவது என்பதை அப்பத்தாவே சொல்லட்டும். நீல வாளியின் பிடியிலிருந்து மூன்றாவது தட்டின் விளிம்புக்கு ஒரு கோடு, மூடியில்லாத தூக்கைச் சுற்றி ஒரு வட்டம் என்று அவரே தேர்ந்தெடுத்தால் அவருக்கு மறக்காது, பேரனுக்கும் பிடிபடாது.

அப்புறம், எல்லாரும் கூடியிருக்கும்போது வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) உட்கார்ந்து திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கீபோர்டில் அடிப்பதைவிட, பெரிய திரையில் விரல் போகும் வழி பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். திரையையும் அவ்வப்போது துடைக்கச் சொல்லுங்கள், பலகாரம் தின்ற விரலின் எண்ணெய்த் தடம் சாய்வான வெளிச்சத்தில் அப்படியே தெரியும். 2010-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போன் திரையில் படிந்த இந்தத் தடத்தைப் படமெடுத்தே பூட்டின் கோட்டைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள்.

பின்னால் இருக்கும் எழுத்து பாஸ்வேர்டையும் நீளமானதாக மாற்றி, ஒரு தாளில் எழுதி அப்பத்தாவின் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள்.